மூன்றாவது கவர்

எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதில் பதினான்கு வருடம் பிறத்தியார் வீட்டுத் தட்டுமுட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றியே போய்விட்டது. வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கித் தரும் கம்பெனியில் வேலை. சமையலறையும் கண்ணாடிச் சாமானும் என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் என் கையில் உடைந்தது மூன்று தட்டு, ஒரு மீன் தொட்டி. மீன் தொட்டிக்கு நான் காரணமில்லை. தட்டுகளைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நோண்டுவேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிஷம், அங்கே யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த அலமாரியை எல்லாரும் திறக்கப் பயப்படுகிறார்கள், எந்தப் பிள்ளை கணக்கில் கோட்டைவிட்டது எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். கையை வைத்து எதையும் குடையமாட்டேன், அந்த நேர்மை உண்டு. கண்தான் சும்மா இருக்காது. வாய் அதைவிடச் சும்மா இருக்காது. "உனக்கெதுக்குடி அடுத்த வீட்டுக் கதை?" என்று அம்மா அடிக்காத நாளில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கஷ்டம் என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. மனிதர் செருப்பைக் கழற்றுவதற்குள் பஸ்ஸில் யார் வந்தார்கள், முதலாளி என்ன சொன்னார், ஏன் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை என்று வரிசையாகக் கேட்டு முடித்திருப்பேன். அவர் அதிகம் பேசாதவர். பேச நான் இடம் விட்டதில்லை என்றும் சொல்லலாம்.

போன வருடம் எங்கள் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். கழுத்தில் விசில், கையில் அட்டை, "ம்... அந்தச் சோபாவைத் திருப்பு" என்று அதிகாரம். எனக்கும் முதுகு முன்போல் வளையவில்லை. கேட்டுப் பார்க்கலாமென்று போனால், எங்கள் மேனேஜர் ஏதோ இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வேறு ஆளாகத் திரும்பியிருந்தார்.

"இனிமே சீனியாரிட்டி எல்லாம் கிடையாது. அவங்கவங்க பலம் என்னன்னு பாத்துதான் போஸ்ட்டு" என்றார். மேஜையிலிருந்து மூன்று கவர்களை எடுத்து நீட்டினார். "உங்களை நல்லாத் தெரிஞ்ச மூணு பேர் உங்க பலம் என்னன்னு எழுதி, ஒட்டிக் குடுக்கணும். ஒருத்தர் கூட வேலை செய்யறவர், ஒருத்தர் சொந்தம், ஒருத்தர் வீட்டுல கூட இருக்கறவர். சனிக்கிழமைக்குள்ள மூணும் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் லிஸ்ட்ல பேரு இருக்காது. நீங்க பிரிச்சுப் பாக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது ஏன் என்னை அப்படி முறைத்தார் என்று தெரியவில்லை.

என் பலம் என்னவென்று எனக்குத் துளியும் சந்தேகமில்லை. குரல். நான் மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே லாரி டிரைவர் பிரேக் போடுவார். ஆளை மேய்க்க வேறென்ன வேண்டும்?

முதல் கவரை அந்த லாரி டிரைவரிடமே கொடுத்தேன். ஸ்டியரிங் மேல் வைத்து அரை நிமிஷத்தில் எழுதிவிட்டார். "என்னண்ணே எழுதினீங்க?" என்றேன். "சாப்பாட்டை எல்லாருக்கும் பங்கு வெச்சுக் குடுப்பாங்கன்னு எழுதிருக்கேன்" என்றார். இதைப் படித்தால் சூப்பர்வைசர் வேலையா கொடுப்பார்கள், கரண்டியைத்தான் கொடுப்பார்கள். இரண்டாவது என் தங்கை. "நீ எங்க படுத்தாலும் தூங்கிடுவேக்கா. எனக்கெல்லாம் அது வரவே வராது" என்றாள், உண்மையிலேயே பொறாமையோடு. வாயில் நல்ல வார்த்தையாக வந்தது. அதை அடக்கிக்கொண்டு கவரை வாங்கிக்கொண்டேன்.

மிச்சமிருந்தது என் வீட்டுக்காரர். கவரை நீட்டினேன். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். "யோசிச்சு எழுதறேன்" என்றார்.

யோசித்து! பதினேழு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவருக்கு யோசிக்க நேரம் வேண்டுமாம். திங்கட்கிழமை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமையும் எழுதவில்லை. சரி, மறந்திருப்பார், ஞாபகப்படுத்துவோம் என்று என் பலங்களை வீட்டில் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். ஒழுகின பாத்ரூம் குழாயை நானே கழற்றினேன். அதற்கப்புறம் அது ஒழுகவில்லை, கொட்டியது. பொறுமைசாலி என்று காட்ட ஒரு சாயங்காலம் முழுக்க எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

புதன்கிழமை மேனேஜர் எனக்கு ஒரு வெள்ளோட்டம் வைத்தார். இரண்டு பிள்ளைகளோடு தனியாக வீடு மாறும் ஒரு டீச்சரம்மாவின் சாமான். அன்றைக்கு ஒருநாள் நான்தான் சூப்பர்வைசர். தலைகால் புரியவில்லை எனக்கு. ஒரு தம்ளரைக்கூடத் தொடவில்லை. நடு ஹாலில் நின்று, "ம்ம், சீக்கிரம்! எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது! கண்ணுல பட்டதெல்லாம் பெட்டிக்குள்ள!" என்று கத்தினேன். என் ஆட்கள் சொன்னதைச் செய்தார்கள். பல் துலக்கிய ஈரம் காயாத பிரஷ் பெட்டிக்குள் போனது. குப்பைக் கூடை குப்பையோடு போனது. டீச்சரம்மா பாதி குடித்துவிட்டு வைத்த டீ, கப்பை மட்டும் விட்டுவிட்டு வாஷ்பேசினில் போனது. கப் பெட்டிக்குள். இரண்டு மணிக்கெல்லாம் லாரி புது வீட்டு வாசலில். வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

டீச்சரம்மா கைப்பையைத் துழாவினார். மறுபடி துழாவினார். "புது வீட்டுச் சாவி..." என்றார்.

வீட்டுச் சொந்தக்காரர் வெளியூர். வேறு சாவி அவரிடம். வாசலில் லாரி நிறைய அறுபத்துமூன்று பெட்டி, அதில் ஏதோ ஒன்றுக்குள் சாவி. சின்னப் பிள்ளை அழ ஆரம்பித்தது. டீச்சரம்மாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் ஆட்கள் என்னையே பார்த்தார்கள். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கத்தி என்ன ஆகப்போகிறது? சாவி "இதோ வந்துட்டேன்" என்றா ஓடி வரும்? லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததும் என் பழைய புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. காலையில் நாங்கள் போனபோது இந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்? நான்தான் கதவு திறந்ததும் எட்டி எட்டிப் பார்த்தேனே. பால்கனியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். கையில் ஏதோ மினுங்கியது. உள்ளேயிருந்து பிள்ளை "அம்மா, சோப்பு!" என்று கத்தியது.

"டீச்சர், துணி எடுக்கும்போது கிளிப்பை எல்லாம் எதுல போட்டீங்க?"

"ஒரு பழைய டால்டா டப்பால."

"சாவியும் அதே கையிலதானே இருந்துச்சு?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பால்கனிச் சாமானைக் கட்டியது எங்கள் புது ஆள். எல்லாப் பெட்டிமேலும் "இதர" என்று எழுதி வைக்கிற மகானுபாவன். அப்படிப் பதினொரு பெட்டி. ஆனால் அவன் சின்னச் சாமானையெல்லாம் பக்கெட்டுக்குள் போட்டு, பக்கெட்டைத்தான் பெட்டிக்குள் வைப்பான். அவன் சேர்ந்த முதல் நாளே அதைப் பார்த்து வைத்திருந்தேன். தூக்கிப் பார்த்து, உள்ளே உருளும் சத்தம் கேட்ட பெட்டியைப் பிரித்தோம். பக்கெட். டப்பா. கிளிப்புகளுக்கு நடுவில் சாவி.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து உங்களை வேவு பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? "அனுபவம்" என்று அசடு வழிந்தேன். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. சாவியைப் பெட்டிக்குள் போகவைத்ததே என் அதிகாரம்தானே.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரர் கவரைக் கொடுத்தார். நன்றாக ஒட்டியிருந்தார், ஓரத்தில் செலோடேப் வேறு. "பிரிக்காதே" என்றார். "சேச்சே, நான் ஏன் பிரிக்கப்போறேன்?" என்றேன்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் மாடிப்படி வரைக்கும் பிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய சாதனை. ஏழாவது படியில் உட்கார்ந்து பிரித்தேன்.

"ஐயா, என் மனைவி எல்லாவற்றையும் கேட்பாள். பலருக்கு அது தொந்தரவு. எனக்கும் சில நாள் தொந்தரவுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். சொல்ல வெட்கப்பட்டு மூன்று நாள் வழக்கம்போலக் கிளம்பிப் போய், பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவளுக்கு முதல் நாளே தெரியும். நானாகச் சொல்லும்வரை காத்திருந்தாள். மூன்று நாளும் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் பார்த்ததை வைத்து யாரையும் அவள் தலைகுனிய வைத்ததில்லை. இதற்கு என்ன பெயர் என்று நான்கு நாள் யோசித்தேன். பெயர் தெரியவில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. படியேறி வந்த கணக்குப்பிள்ளை, "என்னம்மா ஆச்சு?" என்றார். "தூசி" என்றேன்.

முதல் நாளே எனக்குத் தெரியும்தான். அன்று சாயங்காலம் அவர் நகக்கண்ணில் மை இல்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்றுதான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவர் விஷயத்தைச் சொன்னபோது, "ஐயையோ!" என்று நெஞ்சில் கைவைத்து நடித்தேனே, அந்த நடிப்பைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை!

மேஜைமேல் இரண்டு கவரை வைத்தேன்.

"மூணாவது?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்."

"வீட்டுக்காரர் எழுதலையா?"

"எழுதினாரு சார். அது எனக்கு வேணும்."

"இப்படிச் சொன்னா எப்படிம்மா? வேற ஒண்ணு எழுதி வாங்கிட்டாவது வாங்க."

வாங்கியிருக்கலாம். கடின உழைப்பாளி, பணிவானவள் என்று இரண்டு வரி போதும். ஆனால் அந்த மனிதர் நான்கு நாள் யோசித்து எழுதியதற்குப் பிறகு, போய் ஒரு பொய்யை எழுதித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை ஆபீஸ் ஃபைலில் போடவும் மனம் வரவில்லை.

விசில் லாரி டிரைவர் கழுத்துக்குப் போனது. வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் நன்றாகவே எரிந்தது. மூன்றாம் நாள் அந்த மனிதரே, "ஏம்மா, கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டை ஒரு ரவுண்டு நோண்டிட்டு வாங்களேன்" என்றார். அதிலிருந்து தினமும் அதுதான் என் முதல் வேலை. சாவி எங்கே, மாத்திரை எங்கே, பிள்ளை எதைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் என்று கேட்டுக் கேட்டு, கட்டக்கூடாத சாமானைத் தனியாக எடுத்து வைப்பேன். அம்மா அடித்த அடிக்கெல்லாம் இப்போது சம்பளம் வருகிறது. அப்புறம் எங்கள் பெட்டிக்குள் யார் சாவியும் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் செருப்பைக் கழற்றினார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே நிமிர்ந்து, "பிரிச்சுட்டியா?" என்றார்.

"ம்."

"தெரியும்."

"அச்சகம் மூடினது எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு நான் அவ்வளவு நல்லா நடிச்சேனே?"

"நடிச்ச லட்சணத்தை நீதான் மெச்சிக்கணும்" என்று சிரித்தார். அப்புறம் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மூணு நாளும் நான் வீட்டுக்குள்ள வந்தா, நீ ஒரு கேள்விகூடக் கேக்கலடி."