சவேரி அண்ணனின் இடது காது

நல்லெண்ணெயில் பூண்டு பொரிகிற வாசனை மற்றவர்களுக்குப் பசியைக் கிளப்பும் என்பார்கள். எனக்கு அப்படியில்லை. எந்த வீட்டு அடுக்களையிலிருந்து வந்தாலும் சரி, நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷத்துச் சங்கு குளிக்கும் காலமும், பின்வாசல் பூவரச மரத்தில் தொங்கிய மூட்டையும், அதைக் குத்திக்கொண்டிருந்த என் அண்ணன் சவேரியின் ஈர முதுகும் கண்முன்னே வந்து நின்றுவிடும். "என்ன டீச்சர், மூஞ்சி மாறிட்டு?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். தலைவலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அந்த மூட்டையைத் தயாரித்துக் கொடுத்தவர் அப்பாதான். உதவாமல் போன வலைகளை வெட்டி உப்புச் சாக்கில் திணித்து, வள்ளத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அண்ணன் குத்தும்போது மரமே ஆடி மஞ்சள் பூக்கள் உதிரும். அவற்றைப் பொறுக்குவதற்காகவே நான் விடியற்காலையில் எழுந்துகொள்வேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாசன் மாஸ்டர் ஒரு பழைய குடோனில் பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்தார். விளையாட்டாக அங்கே போன அண்ணன், பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் மாவட்டத்தில் தன் எடையில் எதிர்த்து நிற்க ஆளில்லாதவனாகிவிட்டான். அவன் ஏறிய சண்டைகள் பெரும்பாலும் முதல் ரவுண்டைத் தாண்டுவதில்லை. தெருவில் அவனுக்கு "ஒத்தக்குத்து" என்று பேர் விழுந்தது. மீன் வாங்கப் போனால், "ஒத்தக்குத்து தங்கச்சியாளா நீ?" என்று கூடுதலாக ஒரு கை சாளை அள்ளிப் போடுவார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அந்த வருஷம் மதுரையில் ஒரு தேர்வுப் போட்டி வந்தது. அதில் ஜெயித்தால் பெரிய பயிற்சி முகாம், அங்கிருந்து சீருடை வேலை, இந்தியாவுக்காக ஆடுகிற வாய்ப்பு என்று மாஸ்டர் வீடு தேடி வந்து சொன்னார். சொன்னார் என்பதைவிடக் கத்தினார் என்பதே சரி. அப்பா சங்கு குளிக்கிறவர். கடலடியில் மூச்சடக்கிச் சங்கு எடுத்தே அவருடைய இரண்டு காதும் மந்தமாகியிருந்தன. எங்கள் தெருவில் "குளியாள்" இருக்கிற எந்த வீட்டிலும் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை; புருஷன் பெண்டாட்டி ரகசியம்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"போட்டி முடியிற வரைக்கும் பயலக் கடலுக்கு அனுப்பாதிய அண்ணாச்சி!" என்று மாஸ்டர் தொண்டை கிழியச் சொன்னார்.

அப்பா சிரித்தார். "கடல்ல மூச்சு புடிக்கவனுக்கு ரிங்குல எளைக்குமா மாஸ்டர்? இவன் தெம்புல பாதி கடல் குடுத்ததுலா. எதுத்து வாரவன் மூணு ரவுண்டு நின்னுட்டாம்னு வைங்க, அப்ப மூச்சு வேணும்லா?"

இது அப்பாவின் நம்பிக்கை மட்டுமல்ல, தெருவே அப்படித்தான் நம்பியது. மற்ற ஊர்ப் பையன்கள் ஓடிப் பழகுகிறார்கள், நம் பையன் முங்கிப் பழகுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரை கரையோரத்து ஆழத்தில் மட்டும் முங்கிக்கொண்டிருந்தவனை, மூச்சு பலப்படட்டும் என்று அப்பா ஆழக்கடலுக்குக் கூட்டிப்போனார். மகன் கெட்டுப்போக வேண்டும் என்று எந்தத் தகப்பன் நினைப்பான்?

ஒருநாள் அண்ணனுக்குச் சளி பிடித்திருந்தது. "காது அடைக்கிப்பா" என்று சொல்லிப் பார்த்தான். உப்புத் தண்ணீர் பட்டால் சளி ஓடிவிடும் என்றார் அப்பா. சாயங்காலம் திரும்பி வரும்போது அவனுடைய இடது காதிலிருந்து கழுத்துவரை மெலிசாக ரத்தம் வடிந்து காய்ந்திருந்தது. நான் அலறிவிட்டேன். ஆனால் அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "தொறந்துட்டுலா! காது தொறந்துட்டுலா!" என்று தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆழத்தில் தண்ணீர் அழுத்தும்போது காதின் சவ்வு கிழியும். கிழிந்த பிறகு பழைய குத்தல் குறைந்துவிடும், இன்னும் கீழே போகலாம். எங்கள் ஆட்கள் அதைக் காயம் என்று நினைப்பதில்லை. "காது தொறக்குறது" என்பார்கள். அது நடந்தால்தான் ஒருவன் முழுக் குளியாள். அப்பா பேக்கரியில் மக்ரூன் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தார். அம்மா நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து, சூடு பதமாக இருக்கிறதா என்று தன் புறங்கையில் விட்டுப் பார்த்து, அண்ணனை மடியில் சாய்த்துக் காதில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் காதின்மேல் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். மதுரைக்குப் புறப்படும்வரை இது தினமும் நடந்தது. காதில் சீழ் வைத்ததை, அம்மா எண்ணெயோடு வருமுன் துடைத்தும் மற்ற நேரம் பஞ்சு அடைத்தும் அண்ணன் மறைத்துக்கொண்டான். சொன்னால் போட்டிக்குப் போக விடமாட்டார்களோ என்கிற பயம் அவனுக்கு.

மதுரைக்கு அப்பாவோடு நானும் போனேன். அம்மா குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டில் இருந்துகொண்டாள். முதல் ரவுண்டில் அண்ணன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்களே எழுந்து நின்றார்கள். இரண்டாவது ரவுண்டில் எதிராளியின் கை அவன் இடது காதோரம் பட்டது. பெரிய குத்தெல்லாம் இல்லை. மற்ற நாளாயிருந்தால் அண்ணன் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான். ஆனால் நிற்க முடியாமல் சரிந்து விழுந்தான். உடனே எழுந்தும் விட்டான். கால்களைச் சரியாக ஊன்றி, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி அத்தனை அழகாக நின்றான். ஆனால், மூலைக் கம்பத்தைப் பார்த்து நின்றான். எதிராளி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அப்பாவுக்குக் கேட்கவில்லை. "எந்திச்சிட்டாம்லா! எம் மவன் எந்திச்சிட்டாம்லா!" என்று கைதட்டிக்கொண்டிருந்தார். நடுவர் அண்ணனை அணைத்துத் திருப்பி, சண்டையை நிறுத்தினார்.

பக்கத்து அறையில் டாக்டர் அவன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். அண்ணன் சொன்னான். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கிழிந்த சவ்வு வழியாக எண்ணெய் இறங்கி உள்ளே புரையோடிவிட்டது, உடம்பை நேராக நிறுத்துகிற இடத்தையே அது கெடுத்துவிட்டது என்று பொறுமையாக விளக்கினார். இனி என்ன செய்யக் கூடாது என்பதையும் சொன்னார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, டாக்டர் என்ன சொல்லுதாரு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் குனிந்திருந்தான். மெதுவாகச் சொல்ல வழியே இல்லை.

"அண்ணன் இனிமே குத்துச்சண்டை போடக் கூடாதாம்ப்பா!"

"என்னது?"

"போடவே கூடாதாம்! காதுல ஊத்துன எண்ணெ உள்ள எறங்கிக் கெடுத்துட்டாம்! கடலுக்கும் போவக் கூடாதாம்!"

வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஜெயித்த பையன்கூடக் கழுத்தில் துண்டோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். என் குரலை நான் அன்றைக்கு வெறுத்ததுபோல் என்றைக்கும் வெறுத்ததில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "போதும் பிள்ள. அவுருக்குக் கேட்டுட்டு" என்றான்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில், அப்பாவின் காதோடு வாயை வைத்து அவன் சொன்னது ஒன்றுதான்: "அம்மாட்ட எண்ணெயப் பத்திச் சொல்லிராதிய." அப்பா தலையாட்டினார். சாகும்வரை அவர் அதைச் சொல்லவில்லை. கடலுக்கும் பிறகு அதிக நாள் போகவில்லை.

இப்போது அந்தக் குடோன் இல்லை; அந்த இடத்தில் டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன. தாசன் மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். பூவரச மரம் ஒரு மழையில் சாய்ந்தது. அண்ணன் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஈரத் தரையில் ஒரு கையால் சுவரைத் தொட்டபடிதான் நடப்பான். தோள்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. "எங்கயோ போயிருக்க வேண்டிய பய" என்று யாராவது அவன் முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கேயோ போக வேண்டியவனை மக்ரூன் தின்றுதானே நாம் எல்லோரும் வழியனுப்பினோம் என்று கேட்கத் தோன்றும்.

போன மாதம் அம்மாவுக்குக் காது வலி. பூண்டு பொரித்து எண்ணெய் காய்ச்சித் தரச் சொன்னாள். நான் அடுப்பருகே போகவே இல்லை. வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அண்ணன் சொன்னான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்ல, ஒனக்கு நான் ஊத்தலையா? அன்னைக்கே வலி நின்னுச்சுலா?" என்று கேட்டாள்.

அவள் உட்கார்ந்திருந்தது அவனுடைய இடது பக்கம். அந்தக் காதில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துத் திருப்பிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டான்.

"ஆமாம்மா" என்றான். "அன்னைக்கே நின்னுட்டு."