பக்கத்துக் குழியில் கொள்ளுத்தாத்தா

என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி பேரைத் தவிர எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். அவர் சங்கீத வாத்தியார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில், மதிலோரம், வேப்பமரத்தடியில் படுத்திருக்கிறார். ஐம்பத்து மூன்று வயது வரை நானும் இதை நம்பினேன். போன வருஷம் விசாரித்துப் பார்த்ததில் இரண்டுமே தப்பு என்று தெரிந்தது. முதல் தப்பு குடும்பத்தினுடையது. இரண்டாவது முழுக்க என்னுடையது.

விசாரிக்க வைத்தது என் அத்தை. அப்பாவுக்கு அக்கா, எண்பத்தாறு வயது, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாந்தோமில், கடல் தெரியாத ஆனால் கடற்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும் சேதி யார் மூலமாகவோ அவர் காதுக்குப் போய்விட்டது. குடும்பக் குழி வைத்திருப்பவர்கள், உள்ளே இருப்பவர் யார், தங்களுக்கு என்ன உறவு என்று ஆதாரத்தோடு ஃபார்ம் எழுதிப் பதிய வேண்டும். கல்லறைத் திருநாளுக்குள் பதியாவிட்டால் குழி வேறு யாருக்காவது போய்விடும்.

குடும்பக் குழி என்பது வேறொன்றுமில்லை. உள்ளே போனவர் மண்ணோடு மண்ணாகப் பல வருஷம் அவகாசம் கொடுத்துவிட்டு, அதே குழியைத் திறந்து வீட்டில் அடுத்தவரை வைப்பார்கள். ஆகவே யாரோடு சேர்ந்து படுக்கப்போகிறோம் என்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய விஷயம்.

"உங்கப்பன் உங்கம்மா வீட்டுக் குழியில போய்ப் படுத்துக்கிட்டான்," என்றார் அத்தை. "எங்கப்பா அம்மா வெளியூர் மண்ணுல. எனக்குன்னு இங்க இருக்கிறது எங்க தாத்தா ஒருத்தர்தான். போய் என் இடத்தை உறுதி பண்ணிட்டு வா."

"இப்ப என்ன அத்தை அவசரம்?"

"எனக்கு அவசரம் இல்லடா. நோட்டீஸ் ஒட்டினவங்களுக்கு அவசரம்."

சர்ச்சின் பங்கு அலுவலகத்தில் பழைய பதிவுப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, என்னைவிட இளையவர், ரொம்பப் பொறுமைசாலி. எந்த வருஷத்து ஆள் என்று கேட்டார். தெரியாது என்றேன். செத்தது எந்த வருஷம் என்றார். அதுவும் தெரியாது. "வேற என்ன சார் தெரியும்?" என்று அவர் கேட்டபோது, சங்கீத வாத்தியார் என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, தலையணை கனத்துக்கு நான்கு புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டார்.

மூன்று சனிக்கிழமைகள் அங்கேயே கிடந்தேன். முதல் சனிக்கிழமை கடமைக்காகப் போனேன். அடுத்த இரண்டும், உண்மையைச் சொன்னால், ஆசையில்தான். பதிவு எழுதிய ஒவ்வொரு பங்குச் சாமியாருக்கும் ஒரு கையெழுத்து. ஒருவர் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுவார். இன்னொருவர் பக்கத்துக்கு நான்கே பேரை எழுதி நிரப்பிவிடுவார். இரண்டாவது சனிக்கிழமை, திருமணப் புத்தகத்தில் கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். அந்தப் பக்கத்தில் மற்ற மாப்பிள்ளைகள் சிலுவைக்குறி போட்டிருக்க, இவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு வளைவு வேறு இழுத்துவிட்டிருந்தார். அந்த அலட்டலைப் பார்த்ததும் நம் ஆள்தான் என்று புரிந்துவிட்டது. பக்கத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'பேண்ட்ஸ்மேன், கார்னெட்' என்று இருந்தது.

"சங்கீத வாத்தியார் இல்லையா?" என்றேன்.

"பேண்டு வாசிக்கிறவர் சார். கல்யாணத்துக்கும் வாசிப்பாங்க. ஆனா சோறு போட்டது சாவுதான்."

பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடித் தேடி எடுத்தோம். விலாசம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளைக்குச் சாந்தோம், அடுத்ததற்கு மயிலாப்பூர், அதற்கடுத்து திருவல்லிக்கேணி, மறுபடி சாந்தோம். வாடகை பாக்கியா, அல்லது கார்னெட் என்ற அந்தக் குட்டி டிரம்பெட்டை வீட்டுக்குள் ஊதிப் பழகியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் விரட்டினார்களா, தெரியவில்லை. ஞானத்தகப்பன்கள் எல்லோரும் அதே பேண்டுக்காரர்கள். என் தாத்தாவுக்கு ஞானத்தகப்பன், பெரிய டிரம் அடித்தவர். எங்கள் வீட்டில் யாருக்குமே மெதுவாகப் பேச வராததற்கு அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது.

மூன்றாவது சனிக்கிழமை அடக்கப் புத்தகத்தில் அவர் முடிவு அகப்பட்டது. காய்ச்சல். மூன்றாம் வரிசை, எண் பதினேழு. வேலை முடிந்தது என்று திருமணப் பதிவு, அடக்கப் பதிவு இரண்டின் நகலையும் வாங்கிக்கொண்டு நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஒவ்வொரு குழியின் கால்மாட்டிலும் எண் பொறித்த ஒரு சின்னக் கல் மண்ணில் புதைந்திருக்கும். சாவியால் மண்ணைச் சுரண்டினேன்.

பதினாறு.

எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் பதினாறு. பக்கத்துக் குழியைச் சுரண்டினேன். அதுதான் பதினேழு.

அப்போதுதான் அந்த மழை ஞாபகம் வந்தது. எனக்கு இருபத்தி மூன்று வயது. புயல் மழையில் தோட்டமே சேறாகி, மதிலோரம் இரும்புச் சிலுவைகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. நட்டுவிட்டு வரச்சொல்லி அப்பா அனுப்பினார். பக்கத்துக் குழிக்காரர் வீட்டிலிருந்தும் என் வயதில் ஒருவன் வந்திருந்தான். எந்தக் குழி யாருடையது என்று அவன் கேட்டான். எனக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று சொல்வது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. "இதுதான் எங்களுது," என்று கையைக் காட்டினேன். அவன் பிடித்துக்கொள்ள, நான் நட்டேன்.

அன்றிலிருந்து முப்பது வருஷமாக அவர்கள் தாத்தாவுக்கு நாங்கள் சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தாத்தாவுக்கு அவர்கள். நடுவில் தீப்பெட்டி கைமாறும்.

மாற்றி நட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலுவையில் கைகூட வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அடுத்த இடி இறங்கியது. அதற்கு முந்தைய வருஷம் மழையில் சிலுவை பிடித்த அந்தப் பக்கத்துக் குழிக்காரர் தன் அப்பாவைப் பதினேழாம் எண்ணில்தான் அடக்கம் செய்தார். நானும் போயிருந்தேன். ஒரு பிடி மண் போட்டேன். இனி பல வருஷத்துக்கு அந்தக் குழியைத் திறக்க முடியாது. அத்தைக்கு எண்பத்தாறு.

அந்த வாரம் அத்தையின் ஆரோக்கியத்தில் எனக்குத் தனி அக்கறை பிறந்தது. சத்துமாவு வாங்கிக்கொடுத்தேன். பேரீச்சம்பழம் வாங்கிக்கொடுத்தேன். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவியைக் கொண்டுபோனதும் அத்தை கையை இழுத்துக்கொண்டார். "என்னடா, ஃப்ளாட்டு மேல கண்ணா?"

"இல்ல அத்தை. நீங்க நூத்திப்பத்து வயசு இருக்கணும்."

"அவ்வளவு நாள் இருந்து என்ன பண்றது? அந்த ஃபார்ம் என்னாச்சு?"

நாளைக்கு என்று சொல்லிவிட்டு இறங்கியவன், நேரே ஈக்காட்டுத்தாங்கலுக்கு வண்டியை விட்டேன். பக்கத்துக் குழிக்காரருக்கு அங்கே லேத் பட்டறை. எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார்.

"இன்னா சார், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் கழிவுப் பஞ்சால் விரல் விரலாகத் துடைத்தார். பத்தாவது விரலைத் துடைத்த பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப எங்க நைனா உங்க தாத்தா மேல படுத்துக்கினு கீறாரா?"

"ஆமா."

"அவரு பேண்டு வாசிச்சவருன்ற."

"கார்னெட்."

"நைனாவுக்கு பேண்டுன்னா உசுரு சார். சாவுறப்போ கூட பேண்டு வெய்யிடான்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு." கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கி சிலுவைய நட்டது நீதான். புடிச்சிக்கினு நின்னது நானு. உடு. பதினாறு உனுக்கு, பதினேழு எனக்குன்னு நம்ம ரெண்டு பேரும் மாத்தியே எழுதிக் குடுத்துட்டா போச்சு. ஆனா உங்க அத்தைக்கி யாரு சொல்றது?"

"நீங்க வர்றீங்களா?"

"அவங்க டீச்சர் சார்," என்றார் அவர், உள்ளே போய்க்கொண்டே.

மறுநாள் நான் தனியாகத்தான் போனேன். முதலில் பேண்டைச் சொன்னேன். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சாவு பேண்டா?"

"கல்யாணத்துக்கும் உண்டு."

"எங்கப்பா சங்கீத வாத்தியார்ன்னு சொன்னாரே." கண்ணாடியைத் துடைத்தார். "சரி, சங்கீதம் உண்மைதானே. வாத்தியார்தான் பொய்."

திருமணப் பதிவின் நகலைக் கையில் வாங்கி அந்தக் கையெழுத்தையும் வளைவையும் நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதற்குள், மீதியைச் சொல்லிவிடுவது உத்தமம் என்று தோன்றியது. சொன்னேன். மழை, சிலுவை, பதினாறு, பதினேழு, பட்டறைக்காரரின் அப்பா. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஐம்பத்து மூன்று வயதில், மனக்கணக்கு தப்பான பையனைப் போல.

"முப்பது வருஷம்," என்றார் அத்தை.

"ஆமா அத்தை."

"அத்தனை செபமாலையும் அந்த மனுஷனுக்கா?"

"ஆமா."

அத்தை நகலை மடியில் கவிழ்த்து வைத்தார். மின்விசிறி கடகடத்தது. அவருக்கென்று இருந்த ஒரே ஆளையும் நான் பறித்துவிட்டேன் என்பது அந்தச் சத்தத்தில்தான் முழுதாக உறைத்தது. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஏதாவது ஜோக் அடிப்பேன். வாயில் ஒன்றும் வரவில்லை.

அத்தை நகலை மறுபடி எடுத்தார். "இவர் வேலை என்னடா? சாவு வீட்டுலேருந்து கல்லறை வரைக்கும் முன்னால ஊதிக்கிட்டே நடக்கிறது. சொந்தமா, பந்தமான்னா பார்த்திருப்பார்? பக்கத்துல யார் வந்து படுத்தா அவருக்கென்ன. பட்டறைக்காரரோட அப்பா இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப உங்களுக்கு?"

"பதினாறு. சுவரும் இல்ல, கதவும் இல்ல, நடுவுல ரெண்டடி மண்ணு. என் தாத்தா வாசிச்சா எனக்குக் கேட்கும்." ஃபார்மை இழுத்து, பேனா மூடியைத் திறந்தவர், நிறுத்திவிட்டார். "ஆனா ஒண்ணு. அந்தப் பதினாறாம் நம்பர்காரர் யாருடா?"

"அவங்க தாத்தா."

"அது தெரியும். ஆள் எப்படி, என்ன உத்தியோகம், குடிச்சாரா? இத்தனை வயசு வரைக்கும் தனியா இருந்துட்டு, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையோட போய்ப் படுக்கச் சொல்றியா? நல்லா விசாரிச்சுட்டு வா. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

நான்காவது சனிக்கிழமை பட்டறைக்காரர் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. பங்கு அலுவலகத்து அம்மா எங்களைப் பார்த்ததும், சொல்லாமலே புத்தகங்களை எடுத்துவைத்தார்.

"எங்க தாத்தா இன்னா பண்ணிக்கினு இருந்தாருன்னு எனக்கும் தெரியாது சார்," என்றார் அவர் என் காதில். "ஏடாகூடமா எதுனா இருந்தா, அத்தையாண்ட சொல்லாத."

மத்தியானம் இரண்டு மணிக்கு, எறும்பு ஊர்ந்த கையெழுத்தில் அவர் அகப்பட்டார். படித்ததும் வெளியே வந்து அத்தைக்கு ஃபோன் போட்டேன். சமையற்காரர், மயிலாப்பூரில் ஒரு வீட்டில், என்றேன். அத்தை வாழ்நாளில் முட்டை அவிப்பதைத் தாண்டி அடுப்பில் எதையும் சாதித்ததில்லை.

"சமையற்காரரா?" என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டார்.

"நல்ல இடம்," என்றார் அத்தை. "ஃபார்மை எடுத்துட்டு வா."