வாய் திறக்கக் கூடாத வேட்பாளர்

என் மனைவி இருபது வருடங்களுக்கு மேலாக ஒஸ்லோவில் பொலிஸ் உத்தியோகத்தர். அதில் பெரும்பகுதி, வீட்டுக்குள் நடக்கும் அடி உதைகளை விசாரிக்கிற வேலை. போன நகரசபைத் தேர்தலில் ஒரு கட்சி அவளைத் தன் பட்டியலில் நிற்கக் கேட்டது. இடம் பட்டியலின் அடியில்தான். ஆனால் பெயருக்கு நேரே நிறையப் பேர் புள்ளடி போட்டால் மேலே வரலாம். எங்கள் ஆட்கள் போடுவார்கள் என்று நான் நம்பினேன்.

நான் சுரங்க ரயில் ஓட்டுகிறவன். மோர்டென்ஸ்ருட்டில் பாதை முடிகிறது. அங்கே வண்டியைத் திருப்பக் காத்திருந்தபோதுதான், கூட வேலை செய்கிற மன்னார்க்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அக்கா ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பிரிச்சு, பிள்ளையளைப் பார்னவேர்னிட்டைப் பிடிச்சுக் குடுத்தவ எண்டு கதைக்கினம். அவவுக்குப் போட வேண்டாமாம்."

பார்னவேர்ன் என்பது இங்கே குழந்தைகள் நலத்துறை. எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டாலே தாய்மார் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். கதை கட்டியவனுக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

அன்று பின்னேரம் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று அவளிடம் கேட்டேன்.

"உப்பிடி ஏதும் நடந்ததே?"

"நடந்திருந்தாலும் சொல்லேலாது. நடக்கேல்லை எண்டாலும் சொல்லேலாது. உங்களுக்குத் தெரியும்தானேயப்பா."

எனக்குத் தெரியும். விசாரணையில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் ஒரு வீட்டின் பெயரைக்கூட என்னிடம் சொன்னதில்லை. பொய் சொல்கிறவனுக்கு ஊர் முழுக்க வாய். பொய் சொல்லப்பட்டவளுக்கு ஒரு சொல் பேச வழியில்லை.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் நாலு பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு, நாங்கள் நிற்பது தெரிந்தே குரலை உயர்த்தினார்.

"ஊரிலை பொலிஸிட்டை அடி வாங்கினது காணாதே? இஞ்சையும் நாங்களே ஒரு பொலிஸைத் தூக்கி மேலை வைக்கோணுமே?"

இலங்கையில் பொலிஸிடம் அடி வாங்கியவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவர்கள் பயந்தால் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன். இந்த மனிசன் அப்படி அடி வாங்கியவரில்லை. அதோடு, தன் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தபோது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் சோபாவில் இருந்து அழுதவர். அவள் தன் லீவு நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு குரோருட்டில் ஓர் அலுவலகம் வரை போய் வந்தாள். அந்தக் கஷ்டம் என்னவென்று எனக்குத் தெரியும், அவரே என் முன்னால் வைத்துச் சொன்னது. அதை அந்த இடத்திலேயே போட்டு உடைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். அது எங்கடை வீட்டை வந்து சொன்னது."

பிறகு அவரிடம் நேராகப் போனாள்.

"அண்ணை, நான் ஆற்றை வீட்டை போனனான், என்ன செய்தனான் எண்டு இஞ்சை கதைக்க மாட்டன். நாளைக்கு உங்கடை வீட்டை வரவேண்டி வந்தாலும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். அதுக்காகப் புள்ளடி போடாட்டி, போடாதேங்கோ."

அவர் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவளால் உதவி பெற்றவர்கள் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர் மட்டுமாக இருக்க முடியாது. ஒருவராவது "பொய்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

காரில் வரும்போது அதைச் சொல்லிக் கத்தினேன்.

"அவையள் இந்தச் சனத்துக்கை சீவிக்கவேணும்," என்றாள். "வாயைத் திறந்தா, உனக்கெப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம். பேசாம இருக்கட்டும்."

"உமக்குக் கோவமே வராதே?"

"வருது. ஆனா அவையளிலை இல்லை."

அவள் வென்றாள். புள்ளடி போட்டவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. முடிவு வந்த அதே வாரம் கழகத் தலைவர் பொன்னாடையும் படம் பிடிக்க ஓர் ஆளுமாக எங்கள் வாசலில் நின்றார். முகம் நிறையச் சிரிப்பு.

"எங்கடை பிள்ளை! தமிழருக்கே பெருமை! எங்கடை விளையாட்டுப் போட்டிக்கு நீங்கள்தான் பிரதம விருந்தினர்."

நான் கதவைச் சாத்தப் போனேன். அவள் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணை, மண்டபத்திலை என்னைப் பற்றிக் கதைச்சதை, அதே மண்டபத்திலை பிழை எண்டு சொல்லுங்கோ. பிறகு வாறன்."

"அது ஆரோ சொன்னது, தங்கச்சி. நான் கேட்டதைத்தானே சொன்னனான்."

"அப்ப அந்த ஆரோவையே கூப்பிட்டுப் போர்த்துவிடுங்கோ."

பொன்னாடை திரும்பவும் பைக்குள் போனது. அவர் இன்றுவரை அதைப் பிழை என்று சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டிக்கு வேறொருவர் பிரதம விருந்தினராக வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்களைக் கண்டால் கை கூப்பிச் சிரிக்கிறார். என் மனைவி பதிலுக்குத் தலையசைக்கிறாள். என்னால் முடியவில்லை.