படகில் ஆறாவது ஆள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டின் மூன்றாம் மாடியில் ஒரு சீன ஆன்டி தனியாக இருந்தார். வாரத்தில் மூன்று காலை அவர் வீட்டைக் கூட்டித் துடைப்பது என் வேலை. தமிழர்கள் வேலை செய்த எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள் என்பதால் தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவார். இங்கேயே வளர்ந்த மகனும் அப்படித்தான்.

அவர் வீட்டு ஹாலில் கண்ணாடி மூடிக்குள் ஒரு மரப் படகு இருந்தது. அந்தக் காலத்தில் சீனாவில் கான்டன் துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்கார வியாபாரிகள் ஊருக்கு எடுத்துப் போவதற்கென்றே செதுக்கி விற்றதாம். கிள்ளான் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவர் கணவருக்கு எப்படியோ கிடைத்திருக்கிறது. படகில் பாதிச் சுண்டுவிரல் உயரத்தில் ஆறு பேர். துடுப்புப் போட நாலு பேர், சுக்கான் பிடிக்க ஒரு கிழவன், அடுப்பின் முன்னால் குந்தியிருக்கும் சமையல்காரன். தினமும் காலையில் ஆன்டி மூடியைத் தட்டி, "ஆறு பேரும் சாப்பிட்டாச்சா?" என்பார். நான் போகிற நாட்களில் "ஆச்சு, ஆன்டி" என்று அவர்களுக்காகப் பதில் சொல்வேன்.

ஒருமுறை அவர் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். "இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாச்சும் ஆனா, கிள்ளான் முதியோர் இல்லந்தான்" என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். "செத்தாலும் இந்த வீட்லதான் சாவேன்" என்று ஆன்டி என்னிடம் அழுதார்.

சீனப் பெருநாளுக்கு வீடு கழுவும்போது, என் கொழுப்பு, கண்ணாடி மூடியையும் எடுத்துவிட்டுப் படகைத் துடைத்தேன். ஈரத்துணியோடு சமையல்காரன் வந்துவிட்டான். அடியில் இருந்த முளை முறிந்திருந்தது. அவன் இருந்த இடத்தில் அடையாளமே தெரியவில்லை. நாளைக்குப் பசை வாங்கி ஒட்டிவிடலாம் என்று பர்சுக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் நான் போவதற்குள் மகன் வந்திருந்தார். படகின் முன்னால் ஆன்டி கத்திக்கொண்டிருந்தார்.

"சமைக்கிற ஆளக் காணோம் லா! இவங்கெல்லாம் என்ன சாப்பிடுவாங்க?"

"எப்பவும் அஞ்சு பேர்தாம்மா!"

அந்தப் படகை அவர் என்றைக்கு நின்று பார்த்திருக்கிறார்?

"தங்கச்சியக் கேளு. அவளுக்குத் தெரியும்!"

மகன் என் பக்கம் திரும்பினார். "அக்கா, எத்தன பேர் இருந்தாங்க?"

பர்ஸ் என் அக்குளில்தான் இருந்தது. என் வாயில் என்ன கொழுக்கட்டையா? திருடி என்பார்களே, வேலை போய்விடுமே என்று பயம்.

"நான் எண்ணிப் பாத்ததில்ல, பாஸ்."

ஆன்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பிறகு படகில் இருந்தவர்களை விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஐந்தில் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

பெருநாள் முடிந்ததும் அவரை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். படகும் கூடவே போனது. மகனிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்து, எடுத்த மாதிரியே வைத்தேன். பாவி, நான் செய்தது பச்சைத் துரோகம்.

போன மாதம்தான் துணிந்து கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். ஆன்டியின் கட்டில் ஓரத்தில் படகு இருந்தது. சமையல்காரனை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நான்தான் ஆன்டி உடைச்சேன். நீங்க சொன்னதுதான் சரி. ஆறு பேர்தான். என்னை மன்னிச்சிருங்க."

அவனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"இது எங்களுது இல்ல, தங்கச்சி. எங்க படகுல அஞ்சு பேர்தான். மகன் சொன்னான். எனக்குத்தான் அப்பப்ப மூளை கொழம்பிரும்."