நாலு மூலை மஞ்சள்

எழுபதுகளில் அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு யப்பான்காரி இருந்தாள். உலகப்போர் முடிந்தபின் அந்த நாட்டுச் சிப்பாய் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அந்தக் கலியாணத்தோடு அவளுடைய தகப்பன் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார். அப்படி என்ன வைராக்கியமோ. அவருக்கு மரப்பலகையில் படம் செதுக்கி அச்சடிக்கிற தொழில். இவளும் குசினி மேசையில் அதையேதான் செய்தாள்.

ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. பலகையின் மூலையில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். தாளின் மூலை அதில் சரியாகக் குந்தினால்தான் நிறங்கள் இடம் மாறாமல் விழும். கொஞ்சம் அசைந்தால் போதும், குடை ஒரு பக்கம், அதன் சிவப்பு இன்னொரு பக்கம்.

அந்தக் கோடையில் தன் ஊர்ப் பாலத்தைச் செதுக்கினாள். பாலைவனப் பக்கமிருந்து வருகிற வடக்குக் காற்று நெருப்பாய் அடித்ததில் ஒரு பலகை நடுவால் பிளந்துபோனது. அதற்குமுன் திருத்தமாய் அடித்த தாள் ஒன்றே ஒன்று. அதைத் தகப்பனுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். இதைப் பார்த்தாவது மனம் இளகாதா என்ற ஆசை. பார்சலுக்கு மட்டை வாங்கி வரும்வரை, வீட்டு நாய்க்குட்டிக்குப் பயந்து, படத்தை எங்களிடம் வைத்துவிட்டுப் போனாள்.

நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் மனுசன் மஞ்சளைக் குழைத்துத் தாளின் நாலு மூலையிலும் பூசி வைத்திருக்கிறார்.

"இஞ்சாருங்கோ, என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறியள்?"

"ஏனப்பா, நல்ல காரியத்துக்குப் போற கடுதாசிதானே. வெறுமனே அனுப்புறதே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உது என்ன, கலியாணக் கார்டோ? மிச்ச மஞ்சளை உங்கடை மூளைக்கும் பூசுங்கோ." அவருடைய முகம் செத்துப்போனது. பாவம், நல்லது நினைத்துத்தான் செய்தார்.

அவள் வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பலாமே என்று என் மனுசன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்பா முதலில் மூலையைத்தான் பார்ப்பார்," என்றாள் தன் ஆங்கிலத்தில். "வெட்டினால், பிழையை மறைக்கிறேன் என்று நினைப்பார்."

பிளந்த பலகைக்குப் பதிலாகப் புதிதாய் ஒன்று செதுக்கத் தொடங்கினாள். குளிர்காலம் முழுக்க உளிச்சத்தம் கேட்டது. கேட்கும்போதெல்லாம் என் மனுசன் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்துவார். படம் முடிந்து தாள் காய்ந்த கிழமையில் தந்தி வந்தது. தகப்பன் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனோம். புதுப்படம் மேசையில் கிடந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. மஞ்சள் பட்டதையும் எறியாமல் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அதன் மூலையை விரலால் தடவிக்கொண்டே என் மனுசனைப் பார்த்துச் சொன்னாள்:

"இதையே அனுப்பியிருக்கலாம். இது என்ன மஞ்சள் என்று கேட்கவாவது எனக்கு ஒரு வரி எழுதியிருப்பார்."

கலியாணம் கட்டிய நாள்முதல் என் மனுசன் அழுது நான் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன்.