கொக்குத் தோட்டா

அமெரிக்காவில் வேலையிலிருக்கும் தம்பி மகன், வீடியோ காலில் இரண்டு தோட்டாக்களை மேசைமேல் நிறுத்திக் காட்டினான். எல்க் வேட்டைக்குப் போகிறானாம். நம் கடமானைவிடப் பெரிய மானாம்.

“சின்னது போட்டா அடிபட்டு ஓடிப்போய்க் கஷ்டப்படும் அத்தே. ஒரே அடில உயிர் போவணும். இன்னா சொல்றே, பெருசுதானே?”

தோட்டாவின் பித்தளை அடி மேசையில் டக்கென்று பட்டது. சின்ன வயதில் நாங்கள் இருந்த நூம்பல் வீட்டில், பிஸ்கட் டப்பாவைத் திறந்தாலே வரும் வெடிமருந்து நெடி என் மூக்கில் ஏறியது. அதில் மானுக்கான பெரிய தோட்டாக்கள் இருக்கும். தொட்டால் அப்பா பெல்ட்டை உருவுவார். கொக்கு சுடும் பொடி ரவைத் தோட்டாவும் அதில்தான்; அன்று ஒன்றுதான் மிச்சம்.

எங்கள் நாய் ஜிம்மியின் இடுப்பில் லாரி ஏறிய நாள் அது. அப்பா துப்பாக்கியோடு வாசலில் நின்று, “தோட்டா ஒண்ணு எடுத்துகினு வா” என்றார். எனக்கு ஒன்பது வயது. பெல்ட்டுக்குப் பயந்து கொக்குத் தோட்டாவை எடுத்துப்போனேன். வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா?

“நாய்க்கு இது போதும்.”

போதவில்லை. சுட்ட பிறகும் ஜிம்மி முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு அவரிடமே வந்தது.

“பெருச போட்டு முடிச்சுடுய்யா!” என்று அம்மா கத்தினாள்.

“மானுக்கு வெச்சிகீறத நாய்க்கு வேஸ்ட் பண்ணச் சொல்றியா?” என்றபடி உள்ளே போய்விட்டார். சாயங்காலம் வரை முனகல் கேட்டது.

“தாத்தா பெரிய வேட்டைக்காரராமே அத்தே?” என்றான் தம்பி மகன்.

“ஆமாடா. மானுக்குன்னா பெருசுதான் எடுப்பாரு.”

அவன் பெருமையாகச் சிரித்தான்.