அப்பா பிரம்மச்சாரியாக இருந்த காலம்

எங்கள் அப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்ற செய்தி, அவருடைய ஐந்தாவது பிள்ளையான எனக்கு ராணுவ மருத்துவமனைக் கவுண்டரில் வைத்துத்தான் தெரியவந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா ஆர்மியிலிருந்து ஓய்வு பெற்று, ஈப்போவில் ஒரு நகைக்கடை வாசலில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் விடிவதற்குள் எழுந்து பால் வெட்டியவள், இப்போது அரிசியில் கல் பொறுக்குவதையே தடவித் தடவிச் செய்தாள். வெளியே காசு கொடுத்து ஆபரேஷன் செய்ய வழியில்லை. "சிப்பாய் பெண்டாட்டிக்கு ஆர்மி ஆஸ்பத்திரியில எல்லாம் ஃப்ரீலா" என்று அப்பா மார்தட்டிக்கொண்டார். அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மலாய் நன்றாகப் படித்தவள் என்ற குற்றத்துக்காக என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் மிகவும் மரியாதையானவள். அப்பாவின் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "பக்சிக்குக்கு மனைவி யாரும் இல்லையே. பூஜாங் என்றுதான் இருக்கிறது" என்றாள். பக்சிக் என்றால் பெரியவர், பூஜாங் என்றால் கல்யாணமாகாத ஆள். அம்மாவுக்குத் தெரிந்த சில மலாய்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

"அப்ப இத்தனை வருஷமா நான் யாருகூட சண்டை போட்டேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அப்பா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பளபளவென்றுதான் இருந்தது, குறை சொல்ல முடியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் விஷயம் வெளியே வந்தது. அப்பா சேரப் போனபோது கல்யாணமாகாதவர்களைத்தான் எடுத்தார்களாம். அப்பாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வரிசையில் நின்றார், கேட்டார்கள், பூஜாங் என்று சொல்லிவிட்டார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கட்டிய தாலிக்கு எந்த கவர்ன்மெண்ட் கடுதாசியும் கிடையாது. பொய் சொல்ல அதைவிட சௌகரியம் என்ன வேண்டும்?

"சேரும்போது சொன்னீங்க, சரி. அப்புறமா மாத்தியிருக்கலாம்லா?" என்றேன்.

"மாத்தப் போனா, மொதல்ல ஏன் பொய் சொன்னேன்னு கேப்பான். வேலையை விட்டுத் தூக்கிட்டா?"

காட்டுக்குள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே போய் வந்தவர் எங்கள் அப்பா. பதக்கங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கின. அப்பேர்ப்பட்ட வீரர், ஆபீசில் பேனா பிடித்த ஒரு கிராணிக்குப் பயந்து சர்வீஸ் முழுவதையும் ஓட்டியிருக்கிறார்.

அம்மாவோ, "கேம்புல குவாட்டர்ஸ் கேளுங்கன்னு சொன்னேனே. காலி இல்லன்னு சொன்னீங்க" என்றாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பூஜாங்குக்கு எங்கே குவாட்டர்ஸ் தருவார்கள்? மற்ற சிப்பாய்களின் மனைவிமார் குழாய்த் தண்ணீரும் கரண்டு விளக்குமாகக் கேம்பில் இருந்தபோது, அம்மா எங்களை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுப் பால் வாளி தூக்கினாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுத்திருக்கணும்" என்று அம்மா முணுமுணுத்தாள். தஞ்சோங் ரம்புத்தான் என்றால் எங்கள் பக்கத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. யாருக்கு டிக்கெட் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆவணத்தைத் திருத்தக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஈப்போவில் இருந்த பதிவாளர் யாழ்ப்பாணத் தமிழர். எங்கள் கதையை முழுவதும் கேட்டும் சிரிக்காமல் இருந்தார், அதற்கே அவருக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். "பழைய கலியாணத்தைப் பதியிறதெண்டா சாட்சி, சத்தியக் கடுதாசி எண்டு கன அலைச்சல். புதுசாப் பதியிறது சுகம்" என்றார். அப்பாவுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. பழையதைக் கிளறாத எந்த யோசனையும் அவருக்குப் பிடிக்கும்.

விண்ணப்பத்தில் 'கல்யாணமாகாதவள்' என்ற இடத்தில் அம்மா கைநாட்டு வைத்தாள். "பேரப்புள்ள எடுத்தவ" என்று முனகிக்கொண்டேதான் வைத்தாள். இருவர் பெயரையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. பிள்ளைகள் ஐந்து பேரும் பெரிய மனது பண்ணிப் பேசாமல் இருந்தோம்.

குறித்த நாளில் போனோம். பதிவாளர் முதலில் அப்பாவைக் கேட்டார். அப்பா விறைப்பாக நின்று, "சம்மதம் சார்" என்றார். பிறகு பதிவாளர் அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் உங்கட சொந்த விருப்பத்தோடதானோ இவரைக் கலியாணம் கட்டுறீங்கள்?"

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "யாரைக் கேக்கறாரு?"

"உன்னைத்தாம்மா."

"நான் என்ன சொன்னாலும் எழுதிக்குவாரா?"

"ஓம், நீங்கள் சொல்லுறதைத்தான் எழுதோணும்" என்றார் பதிவாளர்.

கோயிலில் தாலி கட்டிய அன்று அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய அப்பாவும் வேலை வாங்கும் மண்டோரும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேசி முடித்தார்கள். பால் வெட்டிவிட்டு வந்தவளிடம், வெள்ளிக்கிழமை வேலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார்களாம்.

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதிவாளர் மட்டும் நிதானமாகப் பேனாவை மூடி, "ஆறுதலா யோசிச்சுப்போட்டு வாங்கோ" என்றார்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் ஒரு புது மாப்பிள்ளை நடமாடினார். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். பாசாரிலிருந்து பூ வாங்கி வந்தார். வடை வாங்கி வந்தார். தன் தேநீரைத் தானே கலக்கிக் குடித்துவிட்டு, கோப்பையையும் கழுவினார். அம்மா பூவை வைத்துக்கொண்டாள், வடையைத் தின்றாள், பதில் மட்டும் சொல்லவில்லை. எனக்கோ அவள்மேலும் எரிச்சல் வந்தது. பார்வை நாளுக்கு நாள் மங்குகிறது, இவளுக்கு இப்போதுதான் சுயம்வரம்.

அந்த இடைவெளியில், வேறு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரிக்க ராணுவ ஆவண அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த கிராணி போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஓய்வுக்குப் பிறகு கட்டிய மனைவி கணக்கில் வரமாட்டாளாம். அம்மா அன்றைக்கே சரியென்று தலையாட்டியிருந்தால், ஆஸ்பத்திரி வாசலில் புதுப்பெண்ணாக நின்று திரும்பி வந்திருப்பாள். அப்பாவின் "சம்மதம் சார்" எங்களை மொத்தமாகக் கவிழ்த்திருக்கும்.

ஆக, பழைய கல்யாணத்தைத்தான் நிரூபிக்க வேண்டும். தோட்டத்துப் பூசாரி உடனே வந்தார். இன்னொரு சாட்சி அப்பாவின் பங்காளி. கல்யாண விருந்தில் தனக்கு எலும்பாகவே போட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு அன்றிலிருந்து எங்களோடு பேசாதவர். எலும்பு விவகாரத்தைச் சத்தியக் கடுதாசியில் சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். சேர்த்தோம். மலேசிய அரசாங்கத்திடம் இன்றும் அந்தப் புகார் பத்திரமாக இருக்கும்.

மறுபடி பதிவாளர் முன்னால் உட்கார்ந்தோம். எந்தக் கோயில், எந்த மாதம், யார் பார்த்தது என்று கேட்டார். எழுதினார். தாளை அம்மா பக்கம் தள்ளினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கேக்கலையே" என்றாள் என்னிடம்.

"இதுக்குக் கேக்க மாட்டாங்கம்மா. ஏற்கனவே நடந்ததைத்தான் பதியறாங்க."

அவள் பெருவிரலை மையில் அழுத்தினாள்.

சான்றிதழை ஆவண அலுவலகத்தில் கொடுத்தோம். கிராணி பூஜாங் என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தார், பக்கத்தில் 'மணமானவர்' என்று எழுதினார், முத்திரை குத்தினார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. இந்த ஒரு கோட்டுக்குப் பயந்துதான் அம்மாவின் வயதெல்லாம் தோட்டத்து லயத்தில் போயிற்று.

ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அவரு மறுபடி கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பே?"

அம்மா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்தக் கண்ணுக்கு அவர் கலங்கலாகத்தான் தெரிந்திருப்பார்.

"கண்ணு சரியாகட்டும். ஒரு தடவை நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்."